குடவோலைக்கு அரை மார்க்: ஏழாம் வகுப்பில் வரலாறு நடத்துவது பற்றி

செப்டம்பர் 27

ஓசூரிலிருந்து ஓர் அப்பா கேட்டது, அப்படியே போடுகிறேன்:

"டீச்சர், பையன் ஏழாவது. காலாண்டுத் தேர்வில் குடவோலை முறை பற்றி ஐந்து மார்க் கேள்வி. இவன் 'இது ஜனநாயகம் இல்லை. நிலம் இருக்கிறவங்க தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட சீட்டுக் குலுக்கல். பொம்பளைங்க யாரும் கிடையாது' என்று மூன்று வரி எழுதிவிட்டு வந்திருக்கிறான். அரை மார்க். கேட்டால் புக்கில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள் என்கிறார்கள். பையன் எழுதியது தப்பா? இந்த வயசில் மன்னர் பெயரும் ஆண்டும் மனப்பாடம் செய்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது குழப்பமாக இருக்கிறது."

குடவோலை என்றால், சோழ மன்னன் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூரில் தகுதியானவர் பெயரை ஓலையில் எழுதிப் பானையில் போட்டு, குலுக்கி எடுத்து ஊர்க் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை. முதலில் அந்த ஆசிரியருக்காகப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, செய்யாறு பக்கம், ஆறு ஏழு எட்டு மூன்றுக்கும் சமூக அறிவியல். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நாலும் ஒரே ஆள் தலையில். நூறு பேப்பர் திருத்தும்போது விடைக்குறிப்பில் "உத்திரமேரூர், பராந்தகன், பானை, ஓலை" என்று நாலு சொல் இருக்கும், கண் அதைத்தான் தேடும். உங்கள் பையன் விடையில் நாலில் ஒன்றுகூட இல்லை. அரை மார்க் போட்டதே இரக்கம்தான்.

செப்டம்பர் 27, இரவு

மேலே எழுதியதைச் சாப்பிட்டுவிட்டு வந்து படித்தேன், கொஞ்சம் திமிராக இருக்கிறது. பையன் எழுதியது தப்பா என்ற கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை.

தப்பில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் அந்த இரண்டு கல்வெட்டும் (கி.பி. 919, 921) ஒரு பிராமண ஊரின் சபை தனக்கு வகுத்துக்கொண்ட விதி. வாரியத்துக்கு, அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவுக்கு, பெயர் எழுத வேண்டுமென்றால் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அரைக்கால் வேலி மட்டும் இருந்தால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரை நூல்) படித்தவராக இருக்க வேண்டும். போன மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. இத்தனையும் தாண்டி மிஞ்சுகிறவர் பெயர்தான் பானைக்குள் போகும். விதி வகுத்த அன்று அரசனுடைய அதிகாரி ஒருவர் சபையில் உடன் இருந்தார் என்பதையும் கல்வெட்டே சொல்கிறது. ஆக "மக்கள் எல்லாரும் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள்" என்று நாங்கள் வகுப்பில் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போவதைவிட உங்கள் பையனின் மூன்று வரி கல்லுக்குக் கிட்டே இருக்கிறது.

ஆனால் ஏன் அப்படி என்று அவன் எழுதவில்லையே. "நிலம் இருக்கிறவங்க" என்றால் எவ்வளவு நிலம், அது எப்படித் தெரியும்? அதை எழுதியிருந்தால் நாலு மார்க் கேட்டு நானே சண்டைக்கு வருவேன்.

செப்டம்பர் 29

திருத்தம். சேலத்திலிருந்து ஒருவர், கல்வெட்டு படித்தவர் போல, காதைப் பிடித்துத் திருகியிருக்கிறார். 35க்கு மேல் 70க்குள் என்பது 921 கல்வெட்டு. 919இல் இருப்பது 30க்கு மேல் 60க்குள். நான் இரண்டையும் ஒரே குழம்பில் போட்டுக் கலக்கிவிட்டேன். பத்தொன்பது வருஷமாக வகுப்பில் இப்படித்தான் கலக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் இந்தத் தப்பு எனக்கு நல்லதாகப் போயிற்று. இரண்டே வருஷத்தில் வயது விதியை ஏன் மாற்றினார்கள்? இதைவிட நல்ல கேள்வி ஏழாம் வகுப்புக்குக் கிடைக்காது. லீவாக இருந்தும் எதிர் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டேன். "சின்னப் பசங்க காசை அடிச்சிருப்பாங்க" என்றான் ஒருவன். "61 வயசு தாத்தா யாரோ கோவிச்சுக்கிட்டிருப்பாரு" என்றாள் இன்னொருத்தி. இரண்டுமே ஊகம்தான், சொன்னேன். அப்புறம் இரண்டாவது கல்வெட்டில் என்ன கூடுதலாக இருக்கிறது என்று காட்டினேன். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் இனி நிற்கக் கூடாது, அவர் மட்டுமில்லை, அப்பா, பிள்ளை, அண்ணன் தம்பி, மாமன், மச்சான், மாமனார், மருமகன் யாருமே கூடாது என்று ஒரு பெரிய பட்டியல் போகிறது. முதல் ஊகம் சொன்ன பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பாத்தீங்களா டீச்சர், காசுதான்." முழுசாக நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் அவன் ஊகத்துக்கு ஒரு கால் முளைத்துவிட்டது.

"மச்சானுக்குமா டீச்சர்? பாவம்" என்று இன்னொருவன்.

செப்டம்பர் 30

ஒன்று விட்டுப்போயிற்று. கல்வெட்டில் 919 என்றே இல்லை. பராந்தகன் என்ற பெயரும் அந்த வரியில் இல்லை. "மதிரை கொண்ட கோப்பரகேசரி" ஆட்சியில் யாண்டு பன்னிரண்டு என்றுதான் ஆரம்பிக்கும். மதுரையைப் பிடித்த பரகேசரி (இது சோழர் பட்டப்பெயர்) யார், அவர் எப்போது பட்டத்துக்கு வந்தார் (907), அதோடு பன்னிரண்டு கூட்டு. இந்த ஒரு கூட்டல் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் பிள்ளைகளுக்கு ஒன்று புரிகிறது: ஆண்டு என்பது வானத்திலிருந்து விழவில்லை, யாரோ உட்கார்ந்து கண்டுபிடித்தது.

அக்டோபர் 2

இன்று கிராம சபை. ஏழாம் வகுப்பில் மூன்று பேரை, வீட்டில் சொல்லிவிட்டு, கூட்டிப்போனேன். கோயில் மரத்தடி, பிளாஸ்டிக் நாற்காலி, மைக் கரகரக்கிறது. தீர்மானங்கள் வரிசையாக வாசிக்கப்பட்டன, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் கூட்டத்தில் முக்கால்வாசி, கையெழுத்து நோட்டு கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. பையன் ஒருவன் என் காதில், "டீச்சர், இங்க பானை எங்க?"

பானை இல்லை, ஓட்டுப் பெட்டி இருக்கிறது, அதுவும் இப்போது இல்லை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்றேன். இங்கே நிற்க 21 வயது போதும், நிலம் வேண்டாம். பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அவர்கள் மூன்று பேரும் நோட்டில் இரண்டு பத்தி வரைந்து எழுதிக்கொண்டார்கள்: அன்று, இன்று. "அன்று" பத்தியில் ஒரு பெண் எழுதியது: "கணக்கு காட்டலைன்னா மச்சானும் நிக்க முடியாது." "இன்று" பத்தியில் அதற்கு நேராக வெற்றிடம் விட்டிருந்தாள். நான் அதை நிரப்பச் சொல்லவில்லை, நமக்கு எதற்கு வம்பு.

அக்டோபர் 5

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மேலே எல்லாம் படித்துவிட்டு, "நீங்கள் வகுப்பில் இதை நடித்துக் காட்டச் சொல்வீர்களா, எப்படி?" என்று இரண்டு ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். செய்வேன். ஆனால் முதல் தடவை நான் செய்தது மாதிரி செய்துவிடாதீர்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால். பயிற்சிக்குப் போய்விட்டு வந்த சூட்டில் இருந்தேன், செயல்பாடு வழிக் கற்றல் என்று உற்சாகம். குடவோலைக்குத் தகுதி இருப்பவர் யார் என்று வகுப்பிலேயே பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். "சொந்த நிலம் இருக்கிற வீடு, எழுந்து நில்லுங்க." முப்பத்தாறு பேரில் பதினோரு பேர் எழுந்தார்கள். "சொந்த மனையில் வீடு இல்லாதவங்க உட்காரலாம்." இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். நான் கரும்பலகையில் எண்ணிக்கை எழுதிக்கொண்டே இருக்கிறேன், பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண், எப்போதும் முதலில் கை தூக்குகிறவள், டெஸ்க்கில் சுண்டுவிரலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் அவள் ஆயா வந்தார். சண்டை போடவில்லை. "எங்களுக்குப் பட்டா இல்லைன்றது ஊருக்கே தெரியும்மா, அதைக் கிளாஸ்ல வேற எழுதிப் போடணுமா?" என்று கேட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

எங்கள் ஊரில் யாருக்கு நிலம், யார் வீடு புறம்போக்கில் என்று கேட்டால் அது எந்தத் தெரு என்று கேட்பதுதான். அது எனக்குத் தெரியாததா? தெரியும். கல்வெட்டு கி.பி. 919 என்பதால் அந்தக் கேள்வியும் 919இல் இருப்பதாக நினைத்துவிட்டேன்.

அக்டோபர் 6

"அப்படியானால் சாதி, நிலம் பற்றிப் பேசாமலே சோழர் பாடம் நடத்தச் சொல்கிறீர்களா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லை சார், அதற்கு நேர் எதிர். பேச வேண்டும், ஆனால் பிள்ளையின் சொந்த வீட்டை வைத்துப் பேசக் கூடாது.

இப்போது நான் செய்வது இது. ஒரு காபித்தூள் டப்பாவில் முப்பது சீட்டு. ஒவ்வொன்றும் ஓர் ஆள், நானே கற்பனையாக எழுதியது. "வயது 42, அரை வேலி நிலம், சொந்த மனை, வேதம் தெரியும், போன வருஷம் ஏரி வாரியத்தில் இருந்தார்." "வயது 38, ஏரிக்கரையில் மண் வெட்டுகிறவர், நிலம் இல்லை." "வயது 27, நாலு வேதமும் தெரியும்." "வயது 50, பெண், கோயிலில் அணையா விளக்கு எரிய 90 ஆடு கொடுத்தவர்." ஆளுக்கொரு சீட்டு. அப்புறம் விதியை ஒவ்வொன்றாக வாசிப்பேன், சீட்டு அடிபட்டவர் வாசலுக்குப் போக வேண்டும். கடைசியில் வகுப்பில் நாலைந்து பேர் நிற்பார்கள், வராந்தா நிறைந்து வழியும். விளையாட்டு அங்கேதான் சூடு பிடிக்கும். ஆடு கொடுத்த அம்மாவின் சீட்டு போன வருஷம் ஒரு பையனிடம் வந்தது. "90 ஆடு வாங்கத் தெரியுது, ஒரு ஓலை எழுதத் தெரியாதா இவங்களுக்கு?" என்று வாசலிலிருந்து கத்தினான். பக்கத்து வகுப்பு கணக்கு சார் எட்டிப் பார்த்தார்.

வராந்தாவில் நிற்பவர்கள் கோபப்பட்டதும் நான் சொல்வது, இந்தச் சபை மட்டும்தான் அன்றைக்கு இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்பது. வேளாளர் ஊர்களுக்கு 'ஊர்' என்று தனியாக ஓர் அவை, வணிகர்களுக்கு 'நகரம்', அதற்கு மேலே 'நாடு'. ஆனால் மண் வெட்டுகிறவருக்கு இதில் எதில் இடம் என்று கேட்டால், என் கையில் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்வேன். பாடப் புத்தகமும் அங்கே வாய் திறக்காது.

அக்டோபர் 6, பிற்பகல்

குலுக்கல் பகுதியை எழுத மறந்தேனே, அதுதான் பிள்ளைகளுக்குத் திருவிழா. ஊரில் முப்பது குடும்பு, அதாவது வார்டு. குடும்புக்குக் குடும்பு பெயர் எழுதிய ஓலைகளைத் தனித்தனிக் கட்டாகக் கட்டிப் பானையில் போடுவார்கள். எதுவும் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கல்வெட்டில் வெட்டியிருக்கிறது. ஏன் என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. கடைசி பெஞ்சு பையன் எழுந்து வந்தான், மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஒரு பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகிக்கொண்டான், சீட்டை வாங்குகிற மாதிரி வாங்கி, டிக்கெட்டைக் காட்டினான். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தும் எப்போது மாற்றினான் என்று தெரியவில்லை. "அதுக்குதான் டீச்சர் விரலை விரிக்கச் சொல்றாங்க."

அந்தப் பையன் பரீட்சையில் இருபது தாண்டியதில்லை.

இப்படி வரும் முப்பது பேரில் ஆண்டு வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. கூட்டினால் 30 வருகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அக்டோபர் 11

எதிர்பார்த்த அடி வந்துவிட்டது. பயிற்சி வகுப்பு நடத்தும் ஒரு சார்: "நீங்கள் பானை உருட்டிக்கொண்டிருங்கள் மேடம். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு வரும்போது 90 கேள்வியில் 35 சமூக அறிவியல். நாலில் ஒன்றுக்கு டிக் அடிக்க வேண்டும். அங்கே விரலை விரிப்பது எல்லாம் கேட்க மாட்டான்."

இதற்கு நான் மல்லுக்கட்டப் போவதில்லை, அவர் சொல்வது உண்மை. அந்த உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய், ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை. கணக்குப் போட்டால் 48,000. எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டில் அது என்ன தொகை என்று எனக்குத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை ஒரு வரி வினா, பொருத்துக, கோடிட்ட இடம், எல்லாம் நடக்கும், சத்தமாக, ராகம் போட்டுக்கூட. வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. மனப்பாடம் கெட்ட வார்த்தை இல்லை. ஓசூர் பையனுக்கும் இதைத்தான் சொல்வேன்: உத்திரமேரூர் என்ற பெயர் மனதில் இல்லாதவன் உத்திரமேரூர் பற்றி என்ன சண்டை போட முடியும்?

ஆனால் 1799 என்பது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் 1799ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது. போன வருஷம் எட்டாம் வகுப்பில் ஒருத்தி கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதைக் கேட்டு காந்தி வருத்தப்பட்டார் என்று எழுதியிருந்தாள். காந்தி பிறந்தது 1869.

அக்டோபர் 12

கயிறு. நேற்றே எழுதியிருக்க வேண்டும், கரண்ட் போய்விட்டது.

கிணற்றுக் கயிறு முப்பது மீட்டர், வராந்தாவில் ஆரம்பித்து வேப்பமரம் வரை. ஒரு மீட்டருக்கு நூறு வருஷம். ஒரு நுனியில் இன்றைய தேதி. பிள்ளைகள் பிறந்தது பன்னிரண்டு சென்டிமீட்டர் தள்ளி, அதற்கே "இவ்ளோதானா" என்று சோர்ந்துவிடுவார்கள். ஆயா ஒரு அடி ஸ்கேல் இரண்டு தாண்டி. சுதந்திரம் முக்கால் மீட்டர் சொச்சம், காந்தி பிறந்தது ஒன்றரை மீட்டர், கட்டபொம்மன் இரண்டேகால், நடுவில் எழுபது சென்டிமீட்டர் இடைவெளி. அந்தப் பெண்ணே போய் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். உத்திரமேரூர் பதினோரு மீட்டர். கீழடியில் கிடைத்த ஒரு மாதிரிக்கு கி.மு. 580 என்று காலம் கணித்தார்களே, அது இருபத்தாறு மீட்டர், வேப்பமரத்துக்குக் கொஞ்சம் முன்னால். கி.மு. மட்டும் ஏன் பின்னால் எண்ணுகிறது என்ற தலைவலி கயிற்றில் பாதி தீர்ந்துவிடும்.

அப்புறம் அத்திரம்பாக்கம் எங்கே டீச்சர் என்று கேட்டார்கள். திருவள்ளூர் மாவட்டம், கல் கோடாரிகள், சுமார் 15 லட்சம் வருஷம். கணக்குப் போடுங்கள் என்றேன். பதினைந்தாயிரம் மீட்டர். பதினைந்து கிலோமீட்டர் கயிறு. செய்யாறு பஸ் ஸ்டாண்டையும் தாண்டிப் போக வேண்டும். ஒரு நிமிஷம் வகுப்பில் சத்தமே இல்லை, அதற்கப்புறம் டிக்கெட் எவ்வளவு என்று பேச்சு திரும்பிவிட்டது.

நூற்றாண்டு பற்றியும் ஒரு குறிப்பு. 919 எப்படிப் பத்தாம் நூற்றாண்டு என்று எல்லா வருஷமும் கேட்பார்கள். பத்தாவது படிக்கிற அக்கா எத்தனை வகுப்பு முடித்திருக்கிறாள்? ஒன்பது. பத்தாவது நடந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஆறாம் வகுப்புப் பையன், நான் கண்டுபிடித்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

அக்டோபர் 19

கொஞ்சம் திசை மாறுகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்று ஒரு பிள்ளை போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். "பொய்" என்று சொல்லித் தொலைத்திருக்கலாம், ஒரு வினாடி வேலை. அதற்குப் பதில் அட்டையில் உயரமாக ஒரு கூம்பு செய்து மைதானத்தில் வைத்தோம். காலை ஒன்பதரைக்கு நிழல் நீளமாக விழுந்தது. மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் கூம்போடு கூம்பாக ஒட்டிக்கொண்டு கொஞ்சூண்டு. "அப்ப அவங்க மத்தியானம் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லியிருப்பாங்க" என்று அவனே தீர்ப்புச் சொன்னான். பெரிய கோயிலுக்கும் நிழல் விழும், காலையில் போனால் நீங்களே அதில் உட்காரலாம்.

புரளியைக் கிளப்பியவனை மன்னித்து, ஏன் அப்படித் தோன்றியிருக்கும் என்று யோசித்தான் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

அக்டோபர் 26

ஓசூர் அப்பாவுக்கு மறுபடி. உங்கள் பையனை நான் கொஞ்சம் அதிகமாகவே தூக்கி வைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. "ஜனநாயகம் இல்லை, சீட்டுக் குலுக்கல்" என்று அவன் எழுதினான். சீட்டுக் குலுக்கினால் ஜனநாயகம் ஆகாது என்று யார் சொன்னது? ஏதென்ஸில் 500 பேர் கொண்ட சபையைக் குலுக்கல் போட்டுத்தான் எடுத்தார்கள், பத்து பிரிவு, பிரிவுக்கு 50 பேர். அங்கேயும் பெண்கள் கிடையாது, அடிமைகள் கிடையாது. அதை உலகமே ஜனநாயகத்தின் தாய்வீடு என்கிறது. நம் ஊர் சபைக்கு ஒரு தராசு, அவர்களுக்கு ஒரு தராசா? அல்லது இரண்டுக்கும் அந்தப் பெயர் பொருந்தாதா? பையன் உதைக்க வேண்டிய இடம் குலுக்கல் இல்லை, பானைக்குள் யார் பெயர் போகலாம் என்பதுதான். அவனிடம் காட்டுங்கள், கோபப்பட்டால் இன்னும் நல்லது.

இன்னொரு திருத்தம்: கால் வேலி என்றால் ஒன்றேமுக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு என்று தனிச் செய்தியில் ஒருவருக்கு எழுதினேன். அது தஞ்சாவூர் வேலிக் கணக்கு, வேலிக்கு 6.6 ஏக்கர் சொச்சம். பத்தாம் நூற்றாண்டில் தொண்டை மண்டலத்து அளவுகோலும் அதுவேதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வகுப்பில் சொன்னால் இந்த வாலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நவம்பர் 4

ஓசூரிலிருந்து சேதி. அப்பா இந்தக் குறிப்புகளை அச்செடுத்துக்கொண்டு பள்ளிக்கே போய்விட்டாராம். ஐயோ, அதற்கா எழுதினேன். அந்த ஆசிரியர் படித்துவிட்டுச் சிரித்து, மார்க்கை மாற்ற மாட்டேன், ஆனால் அரையாண்டில் அதே கேள்வியைக் கேட்பேன், பையனை ஐந்து விரலையும் விரித்து எழுதச் சொல்லுங்கள் என்றாராம். அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

பையன் என்னிடம் கேட்கச் சொன்ன கேள்வி: ஓலை எடுத்த அந்தச் சின்னப் பையன் பெயர் கல்வெட்டில் இருக்கிறதா?

இல்லை தம்பி. அது ஒருநாள் நடந்ததைச் சொல்லும் செய்தி இல்லை, வருஷா வருஷம் எப்படிச் செய்ய வேண்டும் என்ற விதி. அதனால் "ஒரு பாலன்" மட்டும்தான்.

நவம்பர் 5

இதை என் வகுப்பில் சொன்னேன், ஒரே ரகளை. காரணம், போன மாதம்தான் எங்கள் மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் பற்றிப் பேசியிருந்தோம். செங்கம் பக்கம், மகேந்திரவர்மன் காலம், எருமைகளைக் காக்கப் போய் விழுந்த வீரன், கூடவே அவன் நாய். அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது, பெயர் கோவிவன், கல்லிலேயே இருக்கிறது. பரீட்சையில் மகேந்திரவர்மனை மறந்தவர்கள் உண்டு, கோவிவனை ஒருவரும் மறக்கவில்லை.

"நாய்க்குப் பேர் இருக்கு, அந்தப் பையனுக்கு இல்லையா டீச்சர்?"

நடுகல் செத்தவருக்கு வைப்பது, இது சட்டம், இரண்டும் வேறு என்று விளக்கினேன். சரியான பதில்தான். யாரும் சமாதானம் ஆகவில்லை.

நவம்பர் 29

உத்திரமேரூர் போய் வந்தோம். முப்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு வேன், ஒரு கார், அனுமதிக் கடிதம் மூன்று. மழை விட்டிருந்தது, வழியெல்லாம் ஏரிகள் தளும்பிக்கொண்டிருந்தன, ஏரி வாரியம் பற்றி நான் வாய் திறப்பதற்குள் இரண்டு பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள்.

கல்வெட்டு மண்டபத்துச் சுவரில் வரிவரியாக ஓடுகிறது. படிக்க முடியும் என்று நான் யாருக்கும் ஆசை காட்டவில்லை. ஆனால் ஈரச் சுவரில் சாய்வாக வெளிச்சம் விழுந்ததால் எழுத்துகள் நன்றாகத் தெரிந்தன. முதலில் ஒருத்தி ஒரு 'ட' கண்டுபிடித்தாள், அப்புறம் 'ப', அவ்வளவுதான், சுவர் முழுக்கத் தலைகள். கை வைக்காதே, கை வைக்காதே என்று கத்தியே என் தொண்டை போயிற்று.

பஸ் டிக்கெட் பையன் மட்டும் தள்ளி நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கயுமே மேல புள்ளி வைக்கலையே டீச்சர்." அந்தக் காலத்தில் கல்லில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை, படிக்கிறவர்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றேன்.

"நான் ஒரு புள்ளி விட்டதுக்கே அரை மார்க் குறைச்சீங்க. இந்தச் சுவத்துக்கு எவ்ளோ போடுவீங்க?"

தமிழ் டீச்சரைக் கேள் என்று சொல்லி வேனில் ஏற்றிவிட்டேன்.